யூரிக் அமிலமும் தடம் மாறும் இதயத் துடிப்பும்

யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது

உடலின் எல்லாச் செல்களிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. செல்கள் அழிந்து புதுப்பிக்கப்படும்போது பியூரின் சிதைந்து, சாந்தைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியின் வேலையால் கடைசியில் யூரிக் அமிலமாகிறது. உணவிலிருந்து வருவதைவிட உடல் தானே உண்டாக்குவதுதான் அதிகம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மற்ற பாலூட்டிகள் பலவற்றிடம் யூரிக் அமிலத்தை மேலும் உடைக்கும் யூரிகேஸ் நொதி உண்டு. மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் பரிணாமப் போக்கில் அதை இழந்துவிட்டன. ஆகவே சேர்வதை வெளியேற்றும் வேலை பெரும்பாலும் சிறுநீரகத்தின் தலையிலும் மிச்சம் குடலின் தலையிலும் விழுகிறது.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 7 மில்லிகிராம் வரையும் பெண்களுக்கு 6 மில்லிகிராம் வரையும் இயல்பு எனக் கொள்வது வழக்கம். ஏறத்தாழ 6.8ஐத் தாண்டினால் அது கரைந்த நிலையில் நிற்காமல் படிகமாகத் தொடங்கலாம். படிகம் கால் பெருவிரல் மூட்டில் படிந்தால் கவுட். சிறுநீரகத்தில் படிந்தால் கல். அளவு கூடியிருந்தும் எந்தத் தொல்லையும் தெரியாதவர்களே பெரும்பாலானோர். மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுவதால், பெண்களுக்கு இந்தச் சிக்கல் தாமதமாகவே வருகிறது.

இதய நோயாளிகளிடம் அளவு கூடுவது ஏன்

இதயம் தளர்ந்து பம்ப் செய்யும் வலு குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் தேங்கும். பிராணவாயு போதாத திசுக்களில் ஆற்றல் மூலக்கூறுகள் சிதைந்து, அதிலிருந்தும் பியூரின் சேரும். சர்க்கரை நோய், உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம் ஆகியவை உடன் இருந்தால் சிறுநீரகம் யூரிக் அமிலத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதயத்துக்காகக் கொடுக்கப்படும் மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. கால் வீக்கத்துக்கும் மூச்சிரைப்புக்கும் தரப்படும் ஃபுரோசமைடு, ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற சிறுநீர் பெருக்கி மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றுகின்றன. குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஓரளவு ஏற்றும். பருப்பைக் குறைத்தும் எண் இறங்கவில்லையே என்று கவலைப்படும் பலருக்கு விடை மருந்துச் சீட்டிலேயே இருக்கும்.

துடிப்பில் என்ன கோளாறு

ஓய்வில் இருக்கும் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை சீராகத் துடிக்கிறது. மேலறைகளில் மின்தூண்டல்கள் கட்டுப்பாடின்றி எழுந்து, நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட வேகத்தில் அவை வெறுமனே நடுங்கும் நிலை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நாடி ஒழுங்கில்லாமல் ஓடும். படபடப்பு, களைப்பு, மூச்சு வாங்குதல் இருக்கலாம், எதுவும் தெரியாமலும் இருக்கலாம். இடது மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. கீழறைகளில் தோன்றும் வேகத் துடிப்பு இன்னும் கொடியது. மாரடைப்பில் தழும்பேறிய இதயத்தில் அது திடீர் மரணத்தில் முடியலாம்.

காரணமா, உடன் வருவதா

அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘ஏரிக்’ ஆய்வில் சுமார் 15,000 நடுத்தர வயதினர் பல ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். யூரிக் அமிலம் கூடியிருந்தவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அதிகம் தோன்றியது. பெண்களிடமும் கறுப்பினத்தவரிடமும் இந்தத் தொடர்பு அழுத்தமாகத் தெரிந்தது. வேறு நாடுகளின் ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன.

இதை விளக்கச் சில வழிகள் முன்வைக்கப்படுகின்றன. சாந்தைன் ஆக்ஸிடேஸ் யூரிக் அமிலத்தை உண்டாக்கும்போதே சூப்பர் ஆக்சைடு போன்ற தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் வெளிவிடுகிறது. இவை மேலறைத் தசையில் அழற்சியை மூட்டி, நார்த்திசுவை வளர்த்து, செல்களுக்குள் கால்சியம் கையாளப்படும் முறையைக் குலைக்கின்றன. நார் படிந்த தசையில் மின்சாரம் நேர்வழியில் ஓடாமல் சுற்றிச் சுற்றி வரும். மேலறைச் செல்களுக்குள் நுழையும் யூரிக் அமிலம் பொட்டாசியம் வாயில்களை மாற்றி, ஒவ்வொரு மின்தூண்டலின் நேரத்தையும் சுருக்குவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பருமன், ரத்த அழுத்தம், சிறுநீரகத் தளர்ச்சி ஆகிய மூன்றும் யூரிக் அமிலத்தையும் ஏற்றும், துடிப்பையும் கெடுக்கும். சிறுநீர் பெருக்கி மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றும் அதே வேளையில் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சிறுநீரில் இழக்கச் செய்கிறது. பொட்டாசியக் குறைவு ஒன்றே துடிப்பைத் தாறுமாறாக்கப் போதும். யூரிக் அமில உயர்வும் துடிப்புக் கோளாறும் சேர்ந்து தென்படும்போது பழியை யூரிக் அமிலத்தின்மேல் மட்டும் போடுவது சரியாகாது.

குறைத்தால் பயன் உண்டா

யூரிக் அமில உற்பத்தியைத் தடுக்கும் அலோபியூரினால் 1960களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. இதையும் வேறு பல மருந்துகளையும் உருவாக்கிய ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றனர். இது இதயத்தையும் காக்கும் என்ற எதிர்பார்ப்பு நெடுநாள் இருந்தது. பிரிட்டனில் கவுட் இல்லாத, இதய ரத்தக் குழாய் நோயுள்ள 60 வயதைக் கடந்த 5,721 பேரிடம் நடந்த ‘ஆல்-ஹார்ட்’ ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றை அலோபியூரினால் குறைக்கவில்லை. இதயத் தளர்ச்சி உள்ளவர்களிடம் 2015இல் வெளியான ‘எக்ஸாக்ட்’ ஆய்வும் பயன் காட்டவில்லை. துடிப்புக் கோளாறைத் தடுக்க மட்டும் யூரிக் அமிலத்தைக் குறைக்கலாம் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. கவுட்டோ கல்லோ இல்லாதவர், தாளில் 7.8 என்றிருப்பதற்காக மாத்திரை கேட்டு வற்புறுத்துவதில் பொருளில்லை.

டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் ஆகிய மருந்துகளின் கதை சற்று வேறு. சர்க்கரைக்காக வந்த இவை இன்று இதயத் தளர்ச்சிக்கும் தரப்படுகின்றன. யூரிக் அமிலத்தையும் இறக்குகின்றன. டாபாகிளிஃபுளோசின் பெற்ற சர்க்கரை நோயாளிகளிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் குறைந்ததும் பதிவாகியுள்ளது. யூரிக் அமிலம் இறங்கியதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தேவைப்படுவோருக்கு லோசார்டான் யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் வெளியேற்றும்.

உணவும் மதுவும்

ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, நெத்திலி, மத்தி, கருவாடு, பழச்சர்க்கரை கலந்த பாட்டில் பானங்கள் ஆகியவற்றைக் குறைப்பது நல்லது. கருவாட்டின் உப்பு இதயத்துக்கும் ஆகாது. துவரம்பருப்பு, கீரை, காளான் ஆகியவற்றின் பியூரின் கவுட்டைக் கூட்டுவதாக நீண்டகால ஆய்வுகளில் தெரியவில்லை. அவற்றை விலக்கிப் புரதத்தை இழப்பது வீண். மது இரு பக்கமும் கெடுதல் செய்கிறது: பியர் யூரிக் அமிலத்தை ஏற்றும், எந்த மதுவும் மேலறைத் துடிப்பைத் தூண்டும். 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், குடிப்பழக்கத்தை விட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளிடம் கோளாறு திரும்புவது குறைந்தது.

மருந்துகள் மோதும் இடங்கள்

பெருவிரல் வீங்கி வலிக்கும்போது மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வது இதய நோயாளிக்கு ஆபத்து. அது உடலில் நீரையும் உப்பையும் தேக்கும், சிறுநீரகத்தைத் தளர்த்தும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கும். கவுட் வலிக்கான கோல்ச்சிசினோ, துடிப்புக்குத் தரப்படும் வெரபாமில், டில்டியாசெம், அமியோடரோன் ஆகியவற்றுடன் சேரும்போது உடலில் தேங்கி நச்சாகலாம். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அலோபியூரினால், ரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடும். மாற்று இதயம் பெற்றவர் எடுக்கும் அசாதையோபிரினோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் உயிருக்கே ஆபத்தான அளவுக்குக் குறையும். அலோபியூரினால் தொடங்கிய சில வாரங்களில் தோலில் தடிப்பு கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மற்றொரு மருந்தான ஃபெபுக்சோஸ்டாட் எடுத்தவர்களிடம் இதய நோய் மரணம் அதிகம் என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. 2020இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் அந்த ஆபத்து தெரியவில்லை. இதய நோயுள்ளவருக்கு இன்றும் அது கவனத்தோடே தரப்படுகிறது.

உடன் பார்க்க வேண்டியவை

இதய நோயாளியின் யூரிக் அமிலம் உயர்ந்திருந்தால் கிரியாட்டினின், பொட்டாசியம், மக்னீசியம், ரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்து, மாத்திரைகளின் பட்டியலையும் மறுபடி ஆராய வேண்டும். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பார்க்க யாரும் பழகலாம். ஒழுங்கற்றதாகத் தோன்றினால் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். வந்து வந்து போகும் கோளாறு ஒரு முறை எடுக்கும் இ.சி.ஜி.யில் சிக்காமல் போகலாம் என்பதால் ஒரு நாளோ அதற்கு மேலோ உடலிலேயே அணியும் ஹோல்டர் கருவி தேவைப்படும். படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, வாய்கோணல், ஒரு பக்கக் கைகால் செயலிழப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.