பெரியம்மை: நீங்கிய நோயும் நீங்காத ஐயமும்

மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியில், வெளி என்னுமிடத்தில், நம்மவர்களாகிய வண்ணார் சமூகத்தாரின் சலவைத்துறை இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களின் வழியினர் இவர்கள் என்பர். முறுக்கிய கயிறுகளில் வெள்ளைத் துணிகள் உலரும் காட்சியைக் காண இன்று அயல்நாட்டார் வருகின்றனர். பெரியம்மை உலவிய நாட்களில் இத்தொழில் எத்துணை அபாயம் மிக்கது என்பதை அவர்களுள் அறிந்தார் சிலரே. நோயாளியின் படுக்கை விரிப்பிலும் ஆடையிலும் ஒட்டியிருந்த சீழும் உலர்ந்த பொருக்கும் அவற்றைக் கையாண்டவரையும் பற்றிக்கொள்ளும். நோயாளியின் முகத்தையே கண்டிராத சலவைத் தொழிலாளர் நோயுற்ற நிகழ்ச்சிகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

வேரியோலா என்னும் நுண்கிருமியால் வருவது பெரியம்மை. கிருமி உட்புகுந்தபின் ஏறக்குறைய இரண்டு வாரம் யாதொரு குறியும் தோன்றாது. பிறகு கடுங்காய்ச்சலும் தலைவலியும் முதுகுவலியும் காணும்; இரண்டு மூன்று நாட்களில் வாயிலும் முகத்திலும் கைகால்களிலும் கொப்புளங்கள் எழும். சின்னம்மையிலிருந்து இதனைப் பிரித்தறிவது கடினமன்று. சின்னம்மை மார்பிலும் முதுகிலும் மிகுதியாகத் தோன்றும். ஒரே நேரத்தில் சில கொப்புளங்கள் புதியனவாகவும் சில காய்ந்தனவாகவும் இருக்கும். பெரியம்மையிலோ முகமும் கைகால்களுமே அதிகம் பாதிக்கப்படும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தப்பா. ஓரிடத்துக் கொப்புளங்கள் யாவும் ஒரே பருவத்தில் இருக்கும். கொடிய வகை கண்டவர்களுள் பத்துப் பேரில் மூவர் மாண்டனர். பிழைத்தோர் முகத்தில் தழும்பு நின்றது, சிலர் பார்வையிழந்தனர்.

இதனைத் தெய்வத்தின் வருகையாகக் கருதியது தமிழகம் மட்டுமன்று. கொடுங்கல்லூர் பகவதி கோயிலில் வசூரிமாலை என்னும் தெய்வத்திற்கே தனிச் சன்னிதி உண்டு. நம் ஊர்களில் வேப்பிலை கட்டிய வீட்டிற்குள் அயலார் நுழையாதிருந்தது நன்மையே செய்தது. ஆனால் அம்மை கண்டதை வெளியே சொல்லலாகாது என்ற எண்ணம் தீங்கு செய்தது. அம்மை குத்துவோர் வருமுன் நோய் தெருவெங்கும் பரவிவிடும்.

1796-இல் ஜென்னர் கண்ட அம்மைப்பால் இருந்தும், 1974-ஆம் ஆண்டில்கூட இந்தியாவில் சுமார் 1,88,000 பேர் இந்நோய் கண்டனர். அதன்பின் ஓராண்டுக்குள் அது நாட்டைவிட்டு அகன்றது எங்ஙனம்? எல்லோருக்கும் அம்மை குத்துவதை மட்டும் நம்பியிராமல், வீடுவீடாகச் சென்று நோயாளியைத் தேடிக் கண்டு, அவரைச் சூழ்ந்திருப்போருக்கு உடனே அம்மை குத்தினர். தொற்று நேர்ந்து நான்கு நாட்களுக்குள் குத்தினாலும் பெரும்பாலும் காக்கும். கொப்புளம் எழுமுன் நோய் பிறருக்குத் தொற்றுவது அரிது. மனிதரன்றி வேறு விலங்கு எதிலும் கிருமி தங்குவதில்லை. இம்மூன்றும் சேர்ந்தே வெற்றியை அளித்தன. புதிய நோயாளியை அறிவித்தவருக்குப் பரிசுப் பணம் 1975-இல் ஆயிரம் ரூபாய் வரை உயர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் அஸ்ஸாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் கண்டறியப்பட்டவரே இந்நாட்டின் கடைசி நோயாளி. வங்காளதேசத்திலிருந்து எல்லை கடந்து வந்த, வீடற்ற ஒரு பெண். 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டதோடு உலகில் இயற்கைத் தொற்று முடிந்தது. 1980 மே 8-ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை நோய் ஒழிந்ததென அறிவித்தது.

பின் எதற்கு அச்சம்? 1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து தப்பிய கிருமியால் ஒரு பெண்மணி உயிரிழந்தார். இன்று அமெரிக்காவில் அட்லாண்டாவிலும் ரஷ்யாவில் கோல்ட்சோவோவிலும் மட்டுமே கிருமியை வைத்திருக்க அனுமதி உண்டு. ஆயினும் 2014-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், 1950-களில் வைத்து மறக்கப்பட்ட குப்பிகள் பழைய அறையொன்றில் அகப்பட்டன. 2018-இல் கனடா நாட்டு அறிஞர், இதன் இனமான குதிரையம்மைக் கிருமியை விலைக்கு வாங்கிய மரபுத்துண்டுகளைக் கொண்டே ஆக்கியதாக வெளியிட்டனர். குப்பிகளைக் காவல் காத்தல் மட்டும் போதாது என்பது அதனால் விளங்கிற்று.

1970-களின் இறுதியில் அம்மை குத்துவது நின்றது. என் தாயாரின் கையில் அத்தழும்பு உண்டு. நாற்பது கடந்த என் கையில் இல்லை. என்னிலும் இளையோர் அனைவரும் அப்பாதுகாப்பற்றவர்களே. குரங்கம்மை என்னும் எம்பாக்ஸ் 2022 ஜூலையில் இந்தியாவில் முதன்முதலாகக் கேரளத்தில், கொல்லத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் காணப்பட்டது. அது பெரியம்மையன்று, உயிர்ச்சேதம் குறைவு, கழுத்திலும் கவட்டிலும் நெறி கட்டும். விலங்குகளிலும் வாழ்வதால், அதனை முற்றும் ஒழித்தல் எளிதன்று.

கொச்சிவாழ் அன்பர்களுக்கு ஒரு சொல். மருத்துவமனையில் "குழந்தைக்கு அம்மை" என்றால், மலையாளச் செவிக்கு அது தாயைக் குறிப்பதுபோல் ஒலிக்கலாம். தட்டம்மையை இங்கு அஞ்சாம்பனி என்பர். சின்னம்மையைச் சிக்கன்பாக்ஸ் என்பர். பெரியம்மைக்கே வசூரி என்று பெயர். பெயரில் ஐயமிருப்பின், காய்ச்சல் கண்ட நாள், கொப்புளம் முதலில் எழுந்த இடம், அண்மையில் போய்வந்த ஊர் ஆகிய மூன்றையும் சொன்னால் மருத்துவர் அறிந்துகொள்வார்.