திறமூல அறிவியல் நிரல் நூலகங்களின் வெளியீட்டு ஒருங்கிணைப்பும் தமிழாய்வின் பதிப்புச் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் தரவகங்களைக் கணினிவழி ஆராய்வோர் பெரும்பாலும் திறமூல நிரல் நூலகங்களையே பயன்படுத்துகின்றனர். அந்நூலகங்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதிய பதிப்புகளாக வெளியிடப்படுகின்றன. ஒன்றையொன்று சார்ந்த நூலகங்களின் வெளியீடுகள் எவ்வாறு ஒருங்கிணைக்கப்படுகின்றன என்பதையும், பதிப்பு மாற்றம் தமிழாய்வு முடிவுகளை எவ்வாறு மாற்றக்கூடும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. நூற்பதிப்பைச் சுட்டுவது போலவே நிரற்பதிப்பைச் சுட்டுவதும் ஆய்வு நெறியின் பகுதியாக வேண்டும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், நிரல் நூலகம், வெளியீடு, பதிப்பு, ஒருங்குறி, தரவக ஆய்வு, நம்பை.

முன்னுரை

சீவகசிந்தாமணியிலிருந்து மேற்கோள் காட்டும் ஆய்வாளர், தாம் கையாண்டது உ.வே. சாமிநாதையரின் 1887ஆம் ஆண்டு முதற்பதிப்பா, 1907ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பா என்பதைச் சுட்டுவது மரபு. பதிப்பு மாறினால் பாடமும் மாறக்கூடும் என்பதே அதற்குக் காரணம். ஆயின் அதே ஆய்வாளர் ஒரு நூலின் சொல்லடைவைக் கணினிவழி உருவாக்கும்போது, எந்த நிரல் நூலகத்தின் எந்தப் பதிப்பைக் கொண்டு எண்ணினார் என்பதைக் குறிப்பிடும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. நிரலும் மனிதரால் எழுதப்பட்டுத் திருத்தப்பட்டு மறுபடியும் வெளியிடப்படுவதே. அதன் வெளியீட்டு முறையை அறிந்தாலன்றி அதன் வழிப் பெற்ற முடிவின் உறுதிப்பாட்டை மதிப்பிட இயலாது.

நூற்பதிப்பும் நிரல் வெளியீடும்

பல பகுதிகளாக வெளிவரும் ஒரு பெரும் படைப்பை ஒருங்கிணைக்கும் சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. பசுமலையைத் தன் கல்வி மையங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த ஜே. எஸ். சாண்ட்லர், தமிழ்ப் பேரகராதியின் முதற் பதிப்பாசிரியராக 1913இல் பணியைத் தொடங்கினார். பேரகராதியின் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. பிற்பகுதிகளைத் தொகுக்குங்காலத்துக் கிடைத்த புதிய சொற்களையும் பொருள்களையும் முன்னரே அச்சாகிவிட்ட பகுதிகளில் சேர்க்க வழியில்லை. 1939இல் வெளிவந்த அனுபந்தத் தொகுதி அக்குறையை நிறைவு செய்தது.

நிரல் வெளியீட்டிலும் இதே கட்டுப்பாடு உண்டு. ஒரு பதிப்பெண் இடப்பெற்று வெளிவந்த நிரல் அதன்பின் மாற்றப்படுவதில்லை. திருத்தம் வேண்டின் புதிய எண்ணுடன் மற்றொரு வெளியீடே வரும். 1.26.4 என்னும் எண்ணில் முதல் உறுப்பு பெருமாற்றத்தையும், இரண்டாவது புதுவசதிகளையும், மூன்றாவது பிழைத்திருத்தத்தையும் பொதுவாகக் குறிக்கும். அகராதியிலிருந்து நிரல் நூலகம் வேறுபடுவது ஓரிடத்தில்தான்: அகராதி தன்னளவில் நிறைவுடையது, நிரல் நூலகமோ தனக்குக் கீழுள்ள நூலகங்களைச் சார்ந்தே இயங்குவது.

சார்பு அடுக்கு

தமிழ்த் தரவக ஆய்வில் இச்சார்பு பல தளங்களில் அமைகிறது. அடித்தளத்தில் ஒருங்குறித் தரம் உள்ளது. அதன் மேல் பைத்தான் நிரல்மொழி. அதன் மேல் எண்களின் அணிவரிசைகளைக் கையாளும் நம்பை. நம்பையின் மேல் அறிவியல் கணக்கீட்டுக்கான சைபையும், அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸும் அமைகின்றன. தமிழ் எழுத்துகளைப் பிரித்தறிய, முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன் தமிழ் போன்ற நூலகங்கள் பைத்தானைச் சார்ந்து இயங்குகின்றன. இவற்றின் உச்சியில் ஆய்வாளர் எழுதும் சில வரி நிரல் நிற்கிறது.

இத்தளங்களை வெவ்வேறு குழுவினர் பேணுகின்றனர். அவர்களுள் பலர் தன்னார்வலர். ஒரு குழுவின் கால அட்டவணை மற்றொரு குழுவைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. எனினும் கீழ்த்தளத்தில் நிகழும் மாற்றம் மேல்தளங்கள் அனைத்தையும் தாக்கும். இந்நிலையிலேயே ஒருங்கிணைப்பு தேவையாகிறது.

ஒருங்கிணைப்பின் படிநிலைகள்

ஒரு பெருவெளியீடு பொதுவாக ஐந்து படிகளைக் கடந்து வருகிறது.

முதலாவது, முன்னறிவிப்பு. நீக்கப்படவுள்ள வசதி உடனே நீக்கப்படுவதில்லை. அதைப் பயன்படுத்துவோருக்குச் சில வெளியீடுகள் வரை எச்சரிக்கை மட்டும் காட்டப்படும். நம்பை நூலகம் குறைந்தது இரண்டு வெளியீடுகளேனும் இவ்வாறு எச்சரித்த பின்னரே ஒன்றை நீக்கும் நெறியை உடையது.

இரண்டாவது, கிளை பிரித்தல். வெளியிடப்படவுள்ள நிரல் தனிக்கிளையாகப் பிரிக்கப்படும். அதன்பின் அக்கிளையில் புதுவசதிகள் சேர்க்கப்படுவதில்லை. பிழைத்திருத்தம் மட்டுமே ஏற்கப்படும்.

மூன்றாவது, முன்வெளியீடு. அச்சகத்தில் மெய்ப்பு எடுப்பதை ஒத்தது இது. சார்பு நூலகங்களைப் பேணுவோர் தத்தம் நிரலை இம்முன்வெளியீட்டில் இயக்கிப் பார்த்துக் குறைகளைத் தெரிவிப்பர்.

நான்காவது, வரிசை. இறுதி வெளியீட்டுக்கு முன்னரே, அதனுடன் இயங்கவல்ல சார்பு நூலகங்கள் வெளிவந்துவிட வேண்டும். இன்றேல் இறுதி வெளியீட்டு நாளில் நிறுவும் பயனரின் கணினியில் பொருந்தாத பதிப்புகள் ஒன்றுசேர்ந்து நிரல் முடங்கும்.

ஐந்தாவது, வெளியீட்டுக் குறிப்பு. மாறியவை, நீங்கியவை, சேர்ந்தவை ஆகியன இதில் பட்டியலிடப்படும். நூற்பதிப்பின் முன்னுரையில் பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டுக்குக் கூறும் விளக்கத்தின் இடம் இதற்குரியது.

நம்பை 2.0: ஒரு சான்று

இப்படிநிலைகள் அனைத்தையும் ஒருங்கே காட்டும் சான்று நம்பை 2.0. 2000களின் தொடக்கத்தில் நியூமெரிக், நம்அரே என இரு நூலகங்கள் ஒரே பணிக்கு வழங்கியமையால் அறிவியல் பைத்தான் பயனர் இரு பிரிவாயினர். டிராவிஸ் ஒலிஃபன்ட் இரண்டையும் இணைத்து உருவாக்கிய நம்பையின் 1.0 பதிப்பு 2006இல் வெளிவந்தது. அதற்கடுத்த பெருவெளியீடான 2.0, 2024 ஜூன் 16 அன்றே வெளியாயிற்று. இடைப்பட்டது ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டு.

2.0 பதிப்பில் நூலகத்தின் முதன்மைப் பெயர்வெளியிலிருந்து ஏறத்தாழ நூறு பெயர்கள் நீக்கப்பட்டன, இடமாற்றப்பட்டன அல்லது கைவிடத்தக்கனவாகக் குறிக்கப்பட்டன. நம்பையின் உள்ளமைப்பும் மாறியமையால், 1.x பதிப்பை அடிப்படையாகக் கொண்டு தொகுக்கப்பட்ட நூலகங்கள் 2.0 உடன் இயங்கா. இதற்கெனக் குழுவினர் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. 2.0 பதிப்பை அடிப்படையாகக் கொண்டு தொகுக்கப்படும் நூலகம் பழைய 1.x உடனும் இயங்குமாறு அமைத்தனர். ஆகவே சார்பு நூலகங்கள் இரண்டுக்கும் பொதுவான ஒரே வெளியீட்டை முன்கூட்டியே தர இயன்றது. சைபை 1.13, பாண்டாஸ் 2.2.2 ஆகியவை 2024 ஏப்ரலிலேயே இத்தகுதியுடன் வந்துவிட்டன. இறுதி வெளியீட்டு நாளும் மே மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது.

பிழைச்செய்தி எழாத மாற்றம்

நிரல் முடங்கினால் ஆய்வாளர் அறிந்துகொள்வார். முடங்காமல் வேறு விடை தருவதே ஆபத்தானது. விண்டோஸ் கணினிகளில் நம்பை 1.x முழுவெண்களை இயல்பாக 32 பிட் அளவில் சேமித்தது. லினக்ஸில் 64 பிட். 2.0 முதல் 64 பிட் கணினிகளில், விண்டோஸ் உட்பட, 64 பிட் அளவே இயல்பாயிற்று. 32 பிட் அளவில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. அதைக் கடந்த பெருக்குத்தொகை மடங்கி வேறோர் எண்ணாகிவிடும். அணிவரிசைப் பெருக்கலில் இதற்கு எச்சரிக்கையும் எழாது.

இதன் விளைவை விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்ட எண்களால் காணலாம். 20 இலட்சம் சொற்களையுடைய உரைநடைத் தரவகம் ஒன்றில், ஐ உருபேற்ற சொற்கள் 80,000, இறந்தகால வினைமுற்றுகள் 60,000 எனக் கொள்வோம். இவ்விரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து வரும் எதிர்பார்ப்பு எண்ணிக்கை, இரண்டின் பெருக்குத்தொகையை மொத்தச் சொல்லெண்ணிக்கையால் வகுத்துப் பெறுவது. பெருக்குத்தொகை 480 கோடி. எதிர்பார்ப்பு எண்ணிக்கை 2,400. பசுமலையில் ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தில் விண்டோஸும் நம்பை 1.x பதிப்பும் இருப்பின், இயல்பளவில் சேமித்த அணிகளின் பெருக்குத்தொகை மடங்கி 505,032,704 ஆகும். எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஏறத்தாழ 252.5. தரவகத்தில் அவை உண்மையில் 2,400 முறை அடுத்து வந்திருந்தால், சரியான கணக்கின்படி இரண்டுக்கும் தனி ஈர்ப்பு இல்லை. மடங்கிய கணக்கின்படியோ எதிர்பார்ப்பைப் போல் ஒன்பதரை மடங்கு இணைவரவு உண்டு. ஆய்வேட்டில் ஒரு தொடரியல் விதியாகவே அது இடம்பெறக்கூடும். ஆய்வேட்டை மதிப்பிடுபவர் அதே நிரலை, அதே தரவகத்தில், நம்பை 2.0 கொண்டு இயக்கினால் அவ்விதி மறைந்துவிடும். பதிப்பெண் பதியப்படாதவிடத்து இருவரும் வேறுபாட்டின் காரணத்தைத் தேடிக் காண்பது அரிது.

ஒருங்குறியும் தமிழ்ப் பின்னக் குறிகளும்

அடித்தளமாகிய ஒருங்குறியிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்துள்ளது. 2019 மார்ச்சில் வெளிவந்த ஒருங்குறி 12.0, தமிழ்ப் பின்னங்கள், அளவைகள், கணக்குக் குறியீடுகள் முதலிய 51 குறிகளைத் தமிழ்த் துணைத்தொகுதி என்னும் பெயரில் சேர்த்தது. முந்திரி எனப்படும் 1/320க்குரிய குறியும் அவற்றுள் ஒன்று. 2018இல் வெளிவந்த பைத்தான் 3.7 ஒருங்குறி 11.0 பட்டியலையும், 2019 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.8 ஒருங்குறி 12.1 பட்டியலையும் கொண்டவை. ஆகவே நிலக்கணக்கு ஓலை ஒன்றை ஒருங்குறியில் பெயர்த்து ஆராயும்போது, முந்திரிக் குறியைப் பைத்தான் 3.7 ‘ஒதுக்கப்படாத இடம்’ என்று வகைப்படுத்தும், 3.8 அதனை எண்ணாகக் கொண்டு 0.003125 என்னும் மதிப்பைத் தரும். குறிகளை வகைப்படுத்திக் கூட்டும் நிரல், முன்னதில் பின்னங்களை விட்டுவிட்டுக் கூட்டியிருக்கும்.

எழுத்து என்னும் அலகு

‘தமிழ்’ என்னும் சொல் ஒருங்குறியில் ஐந்து குறியிடங்கள் கொண்டது. இலக்கண நோக்கில் மூன்றெழுத்து. ஓப்பன் தமிழ் நூலகத்தின் எழுத்துப் பிரிப்பு நிரல் மூன்று என்றே தரும். ஆனால் ‘க்ஷ’ ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்பது போன்றவை நிரலாசிரியரின் முடிவைப் பொறுத்தவை. அம்முடிவு ஒரு வெளியீட்டில் மாறினால், வடசொல் மிக்க உரைநூல்களின் எழுத்தெண்ணிக்கையும் உடன் மாறும். இங்கு வேண்டப்படுவது இலக்கண அறிவே. ஆதலின் முன்வெளியீட்டுச் சோதனையில் தமிழறிஞருக்கு இடமுண்டு. சிக்கலான சொற்களும் அவற்றுக்குரிய சரியான பிரிப்பும் அடங்கிய சோதனைப் பட்டியலை அவர்கள் வழங்கினால், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னர் அப்பட்டியல் தானாகவே சரிபார்க்கப்படும். நிரல் எழுதத் தெரியாதோரும் ஆற்றக்கூடிய பங்களிப்பு இது.

ஆய்வேட்டில் பதிய வேண்டியவை

மேற்கண்டவற்றால், கணினிவழிப் பெற்ற எண்களை முன்வைக்கும் ஆய்வேடு நான்கு செய்திகளைப் பதிய வேண்டும் எனலாம்: இயங்குதளம், பைத்தான் பதிப்பெண், பயன்படுத்திய ஒவ்வொரு நூலகத்தின் முழுப் பதிப்பெண், மூலபாடம் பெறப்பட்ட இடமும் நாளும். 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தன் மின்னூல்களுக்கு வரிசையெண் இடுவதால் மூலபாடத்தைச் சுட்டுதல் எளிது. அத்திட்டத்தின் நூல்கள் திஸ்கி, ஒருங்குறி என இரு குறியேற்றங்களிலும் வழங்கியமையால், எந்த வடிவம் கையாளப்பட்டது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். நிறுவப்பட்ட நூலகங்களின் பதிப்புப் பட்டியலை ஒரே கட்டளையால் பெறலாம். பின்னிணைப்பில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. ஆய்வாளர் எழுதிய நிரலை ஜெனோடோ போன்ற ஆய்வுக் காப்பகத்தில் சேர்த்தால் நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும்.

பழைய பதிப்பிலேயே தங்கிவிடுதல் தீர்வாகாது. அறிவியல் பைத்தான் குழுவினரின் பொதுவழிகாட்டி, பைத்தான் பதிப்புகளுக்கு மூன்றாண்டும் அடிப்படை நூலகங்களுக்கு இரண்டாண்டும் ஆதரவுக்காலமாக வகுக்கிறது. முனைவர் பட்ட ஆய்வுக்காலம் இதனினும் நீண்டது. எனவே ஆய்வின் இடையில் பதிப்பு மாற்றம் நேர்வதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். மாற்றும்போது, முன்னர்ப் பெற்ற முடிவுகளைப் புதிய பதிப்பிலும் ஒருமுறை கணக்கிட்டு ஒப்பிடுதல் நலம்.

முடிவுரை

நிரல் நூலக வெளியீடு என்பது பாடத்தை நிலைப்படுத்துதல், மெய்ப்புப் பார்த்தல், மாற்றத்தை அறிவித்தல் ஆகிய பதிப்புப் பணிகளை உள்ளடக்கியது. சார்பு நூலகங்கள் பலவற்றை ஒரே காலத்தில் ஒரு புள்ளிக்குக் கொண்டுவருவதே அதன் தனிச் சுமை. அச்சுமையைத் தன்னார்வலர் ஏற்றுச் செய்து, மாற்றங்களை வெளியீட்டுக் குறிப்பில் பதிந்து வைக்கின்றனர். ஆய்வாளர் பதிப்பெண்ணைக் குறித்தால்தான் அக்குறிப்புகள் பயன்படும். ஓலைச்சுவடிக்கும் அச்சு நூலுக்கும் தமிழாய்வு வகுத்துக்கொண்ட பாடவேறுபாட்டு நெறி, எண்ணித் தரும் நிரலுக்கும் உரியதாதல் வேண்டும்.