ஜாலான் புசாரில் எழுதப்பட்ட ஆசியா: ஒரு பயண இணையரும் சிங்கப்பூரின் உழைப்பாளர் தெருக்களும்

குறைந்த செலவில் தென்கிழக்காசியாவைச் சுற்றிய ஒரு தலைமுறைப் பயணிகள் 'மஞ்சள் வேதம்' என்று செல்லமாக அழைத்த 'சௌத் ஈஸ்ட் ஏஷியா ஆன் எ ஷூஸ்ட்ரிங்' என்னும் வழிகாட்டி நூல் 1975ஆம் ஆண்டு வெளிவந்தபோது, அதற்குப் பின்னால் பெரிய பதிப்பகமோ அரசின் சுற்றுலாத் துறையோ இருக்கவில்லை. டோனி வீலர், மோரீன் வீலர் என்னும் இளம் கணவனும் மனைவியும் அந்த வட்டாரத்தை மோட்டார் சைக்கிளில் சுற்றிவிட்டு, சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலையில் சீனர்கள் நடத்திய பேலஸ் ஹோட்டல் என்னும் மலிவு விடுதியில் தங்கி, தாம் சேர்த்த குறிப்புகளை நூலாக்கினர். பின்னாளில் லிட்டில் இந்தியா என்று பெயர்பெற்ற சிராங்கூன் சாலை வட்டாரத்துக்கு அவ்விடத்திலிருந்து நடந்தே சென்றுவிடலாம் என்பதால், உலகெங்கும் பரவிய ஒரு பயணமுறையின் வரலாற்றில் தமிழர் வாழ்ந்த தெருக்களுக்கும் சிறிதளவேனும் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் பிறந்து பொறியியல் படித்த டோனியும், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரைச் சேர்ந்த மோரீனும் 1970இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் சந்தித்து, அடுத்த ஆண்டே மணம் செய்துகொண்டனர். 1972இல் பழைய மினி வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு ஐரோப்பா, துருக்கி, ஈரான் வழியாக ஆப்கானிஸ்தான் வரை ஓட்டிச் சென்றவர்கள், வண்டியைக் காபூலில் விற்றுவிட்டு, பேருந்து, ரயில், படகு என்று கிடைத்ததில் ஏறி, அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் சிட்னியை அடைந்தபோது இருவரிடமும் மொத்தம் 27 சென்ட் மட்டுமே எஞ்சியிருந்தது. எப்படி வந்தீர்கள், எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் விடை சொல்லும் வகையில், 1973இல் கையால் கம்பி அடித்து அவர்களே வெளியிட்ட சிறு நூலிலிருந்துதான் லோன்லி பிளானட் நிறுவனம் தோன்றியது. அவர்கள் வந்த தரைவழி, அதாவது ஐரோப்பிய இளைஞர்கள் விமானம் ஏறாமலே இந்தியாவையும் நேபாளத்தையும் அடைந்த வழி, 1979இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியாலும் அவ்வாண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததாலும் அடைபட்டுப்போனது. ஆனால் சிங்கப்பூரை ஒரு முனையாகக் கொண்ட தென்கிழக்காசியச் சுற்றுவழி நிலைத்து நின்றது.

சிங்கப்பூர் அத்தகைய முனையாக அமைந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. மலாய்த் தீபகற்பத்தின் வழியே வந்த ரயில்பாதை, 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையத்தில் முடிந்தது. துறைமுகத்திலிருந்து எல்லாத் திசைகளுக்கும் கப்பல்கள் சென்றன. அஞ்சல் தவறாமல் வந்தது. குழாய் நீரைக் கொதிக்க வைக்காமலே குடிக்கலாம். எழுத உட்காரும் இணையருக்கு இவை எல்லாவற்றையும்விட இன்றியமையாதது நீண்ட நாள் தங்கத்தக்க மலிவான அறை. அது நகரத்தின் கடைவீடுகளில் கிடைத்தது. கடைவீடு என்பது கீழே வணிகமும் மேலே குடியிருப்புமாக, அடுத்தடுத்துச் சுவரைப் பகிர்ந்து நிற்கும் குறுகிய முகப்பும் நீண்ட உட்பகுதியும் கொண்ட கட்டடம். அதன் முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத்தக்க ஐந்தடி நடைபாதை ஓடும். இந்த நடைபாதையை எல்லாக் கட்டடங்களும் விட்டாக வேண்டும் என்ற விதி, காலனி நகரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வருவது.

இத்தகைய மலிவு பயணிக்காக உண்டாக்கப்பட்டது அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது உழைப்பாளிக்காக உண்டானது. முதுகுப்பையோடு வருபவர் அதில் பங்குபெறும் விருந்தினர் மட்டுமே. சிராங்கூன் சாலையின் வரலாறே இதற்குச் சான்று. தீவின் மிகப் பழைய சாலைகளுள் ஒன்றான அதன் ஓரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கற்சூளைகளும், பின்னர் மாட்டுத் தொழுவங்களும் பெருகின. நீர் தேங்கிய தாழ்நிலமும் புல்லும் எருமை வளர்ப்புக்கு ஏற்றதாக இருந்ததால் பால்காரர்களும் மாட்டு வணிகர்களும் இங்கே குடியேறினர். பஃபலோ ரோடு என்ற தெருப்பெயர் அந்தத் தொழிலின் எச்சம். அருகே ரேஸ் கோர்ஸ் ரோட்டில் 1840களிலிருந்து குதிரைப் பந்தயம் நடந்தது. 1855இல் எழுந்த ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில், கூலித் தொழிலாளர் பெருகிய காலத்தில் வளர்ந்த ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில், டன்லப் ஸ்ட்ரீட்டில் 1907இல் கட்டத் தொடங்கிய அப்துல் கஃபூர் பள்ளிவாசல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று நடை தொலைவில் நிற்பது, எத்தனை வகை மனிதர்கள் இந்தச் சிறு நிலப்பரப்பில் நெருங்கி வாழ்ந்தனர் என்பதைக் காட்டுகிறது.

தமிழ் இணையர்கள் அந்நாளிலேயே கடல் கடந்து பயணம் செய்தவர்கள்தாம். 1926இல் கட்டப்பட்டு, ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களுக்கிடையே ஓடிய ரஜூலா கப்பல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றும் உரிமம் பெற்றிருந்தது. டெக் பயணிகள் என்போர் அறை எடுக்க வசதியின்றி மேல்தளத்திலும் இடைத்தளங்களிலும் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து நாள்கணக்கில் வந்தவர்கள். அவர்களுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் கப்பலில் வந்தவர்களும் உண்டு. 1985இல் அக்கப்பலில் நேர்ந்த தீ விபத்தோடு அந்தக் கடல்வழி மறைந்தது. வீலர் இணையர் சிக்கனத்தைத் தாமாகத் தேர்ந்துகொண்டனர். ரஜூலாவில் வந்தவர்களுக்கு அது வாய்த்த வாழ்க்கை. அவர்கள் பட்ட பாட்டுக்கு நூல் எழுதப்படவில்லை. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு முதுகுப்பைப் பயணத்தைப் போற்றுவது நேர்மையாகாது.

எழுபதுகளின் சிங்கப்பூர் இப்பயணிகளை முழு மனத்தோடு வரவேற்றதாகவும் சொல்ல முடியாது. நீள்முடி வளர்த்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை செய்யப்படும் என்ற அறிவிப்புகள் அரசு அலுவலகங்களில் தொங்கின. ஆயினும் பென்கூலன் ஸ்ட்ரீட்டிலும் பீச் ரோட்டிலும் மலிவு விடுதிகள் இயங்கின. நகரச் சீரமைப்பில் அவற்றுள் பெரும்பாலானவை மறைந்தன. லிட்டில் இந்தியா தப்பியதற்குக் காரணம், 1989இல் அது பாதுகாக்கப்பட்ட மரபு வட்டாரமாக அறிவிக்கப்பட்டதே. கடைவீடுகளின் முகப்பும் உயரமும் மாறக்கூடாது என்ற விதிக்கு உட்பட்டு, டன்லப் ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் அடுக்குக் கட்டில்கள் கொண்ட பொது அறை விடுதிகள் பிற்காலத்தில் தோன்றின. அறைக்கு அன்றிக் கட்டிலுக்குக் கட்டணம் பெறும் இவ்வகை விடுதிகளில் தனியாள் மிச்சம் பிடிக்கிறார். இருவராகச் செல்வோரோ இரண்டு கட்டில்களுக்கான தொகையை எளிய இரட்டை அறையின் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பல வேளைகளில் வேறுபாடு சில வெள்ளிகள், அதாவது சிங்கப்பூர் டாலர்கள்தாம்.

உணவைப் பொறுத்தவரை இவ்வட்டாரத்துக்கு நிகராக நகரில் வேறிடம் கிடையாது. தேக்கா என்று சிங்கப்பூர்த் தமிழர் அழைக்கும் சந்தை 1915இலிருந்து சாலையின் ஒரு பக்கத்தில் இயங்கி, 1982இல் எதிரே இருக்கும் இன்றைய கட்டடத்துக்கு மாறியது. அதன் ஒரு பகுதி ஈரச்சந்தை, அதாவது மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும், தரையைக் கழுவிக்கொண்டே இருப்பதால் ஈரம் காயாத சந்தை. மற்றொரு பகுதி உணவங்காடி நிலையம், அதாவது முன்பு தெருவோரம் தள்ளுவண்டியில் விற்ற சிறு வியாபாரிகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த பொது உண்ணுமிடம். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மானுடத்தின் தொட்டுணரா மரபுச் செல்வமாக ஏற்றது. பிரியாணி, முர்தபா, சீன நூடுல்ஸ், மலாய்ச் சோறு அனைத்தும் இங்கே அருகருகே கிடைக்க, அலுவலரும் கட்டுமானத் தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்கின்றனர். சைவ உணவு மட்டும் கொள்வோருக்கு 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் இன்றும் துணை. மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டது என்று பொருள். உண்டபின் தட்டை உரிய இடத்தில் வைப்பது 2021 செப்டம்பர் முதல் சட்டப்படியான கடமை.

லிட்டில் இந்தியாவைத் தங்குமிடமாகக் கொண்டால் தீவு முழுவதும் கைக்கெட்டும். 2003இல் திறக்கப்பட்ட பெருவிரைவு ரயில் நிலையம் அங்கேயே இருக்கிறது; நிலைய அறிவிப்புகளில் தமிழும் ஒலிக்கும். எனினும் கால் வலிக்காத வரை நடப்பதே மேல். தெற்கே நடந்தால், 1825 முதல் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை அடையலாம். காலனி அரசின் கம்பீரம் என்று படம் எடுக்கப்படும் அந்த வெண்சுவருக்குள் நம் நாட்டவரின் கைவேலை இருக்கிறது.

நகரம் என்று மட்டுமே அறியப்பட்ட இத்தீவின் நிலக்காட்சிகளைப் பெரும்பாலான குழுச்சுற்றுலாக்கள் தொடுவதே இல்லை என்பது வருந்தத்தக்கது. 2011இல் தஞ்சோங் பகாருக்கான ரயில் சேவை நின்றபின், அந்தப் பாதையின் 24 கிலோமீட்டர் நீளம் ரயில் வழித்தடம் என்ற பெயரில் நடைபாதையாக மாறியிருக்கிறது; வீலர் இணையரின் காலத்துப் பயணிகள் ரயிலில் வந்த தடத்தில் இன்று கட்டணமின்றி நடக்கலாம். வடகிழக்கே சாங்கி முனையிலிருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் புறப்படும் சிறு படகில் ஏறினால் புலாவ் உபின் தீவு வந்துவிடும். கருங்கல் வெட்டியெடுத்த பள்ளங்கள் ஏரிகளாகிக் கிடக்கும் அங்கே, வாடகை மிதிவண்டியில் செக் ஜாவா வரை செல்லலாம். மணல்திட்டும் கடற்புல்லும் சதுப்புக்காடும் ஒன்றுசேரும் அந்தக் கரை, நிலமீட்பில் புதையவிருந்த வேளையில் பொதுமக்களின் வேண்டுகோளால் 2001இல் காப்பாற்றப்பட்டது.

இருவராகப் பயணம் செய்வதன் நன்மை பணக்கணக்கோடு முடிவதில்லை. ஒருவர் பைகளைக் காக்க மற்றவர் அறை தேடலாம். ஒருவர் காணத் தவறியதை மற்றவர் கவனிப்பார். லோன்லி பிளானட்டின் கதையில் டோனியின் பெயரே முன்னால் வருவது வழக்கமாயினும், குழந்தைகளோடு பயணம் செய்வது பற்றி 1985இல் தனி நூல் எழுதியவர் மோரீன். குடும்பம் ஆனபின் பயணம் முடிந்தது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. நம் நாட்டிலும் அத்தகைய இணையர் உண்டு: கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறு தேநீர்க் கடை நடத்திய விஜயனும் மோகனாவும், அன்றாட வருமானத்தில் சேமித்தும் கடன் வாங்கி அடைத்தும், சிங்கப்பூர் உட்பட இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைக் கண்டனர். விஜயன் 2021 நவம்பரில் மறைந்தார். அவர்கள் முதுகுப்பை சுமந்தவர்கள் அல்லர். ஆனால் பயணம் பணம் படைத்தோருக்கும் தேனிலவுக்கும் மட்டும் உரியது என்று கருதும் நம் குடும்பங்களுக்கு, வீலர் இணையரைவிட இவர்களே வலுவான மறுமொழி.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலை தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்களால் நிறைகிறது. வாரம் முழுவதும் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பவும், காய்கறி வாங்கவும், ஊர்க்காரரைப் பார்க்கவும் கூடும் நேரம் அது. 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவில் ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து மூண்ட கலவரத்துக்குப் பின், இவ்வட்டாரத்தில் மதுவுக்கான கட்டுப்பாடுகள் இறுகின. அந்த மாலையைக் கூட்டம் என்று தவிர்ப்பதும், வேடிக்கைப் பொருளாகப் படம் எடுப்பதும் ஒருபோலத் தவறு. புதுக்கோட்டையிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ வந்த ஒருவரோடு பத்து நிமிடம் பேசினால் கிடைக்கும் சிங்கப்பூர், மரினா பேயின் எந்த மாடியிலிருந்தும் தெரியாதது.

கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் உலகம் சுற்றி எழுதிய தமிழில், இன்று சொந்தமாகத் திட்டமிட்டுச் செல்லும் இணையருக்குப் பயன்படும் நடைமுறை வழிகாட்டிகள் மிகக் குறைவு. ஆகவே இந்தியாவிலிருந்து செல்வோர் விசாவை முன்கூட்டியே பெற்று, வருகை அட்டையைச் சிங்கப்பூரை அடைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பி, சிராங்கூன் சாலைப் பக்கமாக ஓர் எளிய அறையில் தங்கி, நாள்தோறும் செலவையும் பேருந்து எண்ணையும் சாப்பிட்ட கடையையும் இருவரில் ஒருவர் குறித்து வாருங்கள். திரும்பியதும் அதைத் தமிழில் எழுதி, அடுத்துப் போகிறவர்களுக்குக் கொடுங்கள்.