சாயநீரைத் தெளியவைக்குமா தென்னைநார்க் கழிவு?

திருப்பூரில் துணியில் ஏறாத சாயம் நொய்யல் ஆற்றில் கலந்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தெரிந்த கதை. அந்தச் சாயத்தைத் தென்னைநார்க் கழிவோ நெல் உமியோ பிடித்துவைக்குமா?

பிடிக்கும், சாயத்தைப் பொறுத்து. இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். பஞ்சு நீரைக் குடிப்பதுபோல் அல்ல. சாய மூலக்கூறுகள் தூளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. தாவரத் தூள்களின் பரப்பு நீரில் பெரும்பாலும் எதிர்மின்சுமை பெறும். மெத்திலீன் நீலம் என்ற சாயம் நேர்மின்சுமை கொண்டது, சட்டென ஒட்டும். ஆய்வுக்கூடங்களில் அதையே அதிகம் சோதிப்பது எனக்குக் கொஞ்சம் சௌகரியமான தேர்வாகத்தான் படுகிறது. ஏனெனில் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்சுமை கொண்டவை. தூள் அவற்றை விலக்கும். அமிலம் சேர்த்தால் ஓரளவு ஒட்டும். ஒட்டும் பரப்பைக் கூட்டவும் வழி உண்டு: தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, சுமார் 900 டிகிரி செல்சியஸில் நீராவி செலுத்தினால், ஒரு கிராமிலேயே ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும்; செலவும் கூடும்.

சாயமேற்றப் போட்ட உப்பை இவை எதுவும் நீக்காது. அதற்குச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் வேண்டும். சாயம் பிடித்த தூளும் நச்சுக் கழிவுதான். அதை வயலில் கொட்டக் கூடாது.