மதுரைத் திட்டம்: ஊதியமில்லாத் தொலைதூரக் கூட்டுழைப்பு

தொலைவில் வாழ்வோர் ஒரு பணியில் இணைந்து நிற்பதற்கு ஊதியமும் ஒப்பந்தமும் பெரிதும் துணைசெய்கின்றன. அவ்விரண்டும் இன்றி ஒரு குழு கலையாது நிலைத்தமைக்கு மதுரைத் திட்டம் தக்க சான்றாகும். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற இத்தன்னார்வத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரத்தை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டது. திருக்குறளை முதல் மின்பதிப்பாகக் கொண்டு, தமிழ் நூல்களை விலையின்றி வழங்கி வருகிறது. பங்கேற்போர் பல நாடுகளில் உள்ளனர். நேரில் கூடும் வாய்ப்பு அரிது.

இத்தகைய குழுவில் தொடர்பு என்பது முதற்கண் எழுத்துருச் சிக்கலாகவே இருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்டதை வேறோர் எழுத்துரு கொண்டவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றமும் பின்னர் ஒருங்குறியும் வந்த பிறகே ஒருவர் உழைப்பு மற்றவர் கைக்குச் சிதையாமல் சென்றது. உளவியல் பேசுமுன் இதைக் கருத வேண்டும்.

அடுத்தது பணிப் பகுப்பு. ஒருவர் தட்டச்சிட, மற்றொருவர் மெய்ப்பு நோக்கினார். பின்னாளில் நூலின் பக்கப் படிமங்களைப் பலருக்குப் பகிர்ந்து மெய்ப்பு நோக்கும் முறையும் கையாளப்பட்டது. ஆயிரக்கணக்கான பாடல்களையுடைய புராணம் ஒன்றை ஏற்கத் தயங்குபவரும் பத்துப் பக்கங்களை மறுப்பதில்லை. முடித்தோம் என்னும் நிறைவும் விரைவில் கிட்டுகிறது.

எனினும் ஊக்கத்தின் உயிர்நிலை பெயர் சுட்டலில் உள்ளது. மின்பதிப்பின் தொடக்கத்திலேயே தட்டச்சிட்டோர், மெய்ப்பு நோக்கியோர் பெயர்கள் நன்றியுடன் குறிக்கப்பெறுகின்றன. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில் ஏடு தந்தோரையும் உடனிருந்து உதவியோரையும் பெயர் சுட்டிய மரபோடு இது ஒப்பிடத்தக்கது. ஆனால் இப்பதிப்புகளைப் பயன்படுத்தும் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலிலோ பெரும்பாலும் இணைய முகவரி மட்டுமே எஞ்சுகிறது. திட்டம் தரும் மதிப்பை ஆய்வுலகம் தரவில்லை என்பதே உண்மை.

அண்மைக்காலத்தில் எழுத்துணரி மென்பொருள் தட்டச்சுப் பணியைக் குறைத்துவிட்டது. இது ஆக்கமே, ஆயினும் பணியின் இயல்பு மாறியது. தட்டச்சிடுபவர் நூலைச் சொல் சொல்லாகப் படிக்கும் இன்பம் பெற்றார். இன்றைய மெய்ப்பு நோக்குநர் துணைக்காலா ரகரமா என்று பொறி மயங்கிய இடங்களைத் தேடித் திருத்துகிறார். முன்னதற்கு நூலின் மீதுள்ள பற்றே போதுமானதாக இருந்தது. பின்னதற்கு அதனுடன் பொறுமையும் வேண்டும்.