அனுப்பிய தொகையும் சேர்ந்த தொகையும்

திருப்பதிப் பழவணிகர் ஒருவர் சித்தூர் மாந்தோப்பு உரிமையாளருக்குக் கைப்பேசி வழியே 12,000 ரூபாய் அனுப்புகிறார் எனக் கொள்வோம். ஒருவர் கணக்கில் அத்தொகை குறைய வேண்டும். மற்றவர் கணக்கில் அதுவே கூட வேண்டும். இந்தப் பரிமாற்றத்தால் இரு இருப்புகளின் கூட்டுத்தொகை மாறவே கூடாது. அதே நொடியில் வேறொருவர் அக்கணக்கில் பணம் செலுத்தினாலும் இவ்விதி நிலைக்க வேண்டும்.

பள்ளிக் கணக்கில் படித்த ‘சார்பு’ நினைவிருக்கலாம். ஒரே எண்ணை எத்தனை முறை இட்டாலும் ஒரே விடைதான். மென்பொருளை இத்தகைய சார்புகளால் கட்டுவதே சார்பு நிரலாக்கம். நெடுங்காலம் இதனைப் பல்கலைக்கழகத்தாரின் தனிப் பொருளாகவே பலர் கருதினர். அதில் ஓரளவு நியாயமும் இருந்தது.

2000-ஆம் ஆண்டில் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும், ஹாஸ்கல் என்னும் சார்பு மொழிக்குக் ‘குவிக்செக்’ என்ற சோதனைக் கருவியை அளித்தனர். மென்பொருளைச் சோதிப்பவர் வழக்கமாகத் தமக்குத் தோன்றும் சில எடுத்துக்காட்டுகளையே இட்டுப் பார்ப்பார். இக்கருவிக்கோ விதியைச் சொன்னால் போதும். நூற்றுக்கணக்கான நேர்வுகளைத் தானே உண்டாக்கி, விதி முறியும் இடத்தைத் தேடும். கண்டபின் அதனை இயன்றவரை சுருக்கியும் காட்டும்.

அந்நாட்டின் கிளார்னா என்ற பணச்சேவை நிறுவனத்தில் இதன் பயன் விளங்கிற்று. எர்லாங் என்னும் சார்பு மொழியின் தரவுக் கோப்பு ஒன்று அங்கே அவ்வப்போது பழுதுற்றது. ஆறு வாரங்களுக்கு மேல் தேடியும் காரணம் புலப்படவில்லை. கோப்பு பெருத்துவிட்டதோ என ஐயுற்றனர். குவிக்செக்கின் எர்லாங் வடிவால் ஹியூஸ் சோதித்தார். ஒரே ஒரு பதிவுள்ள கோப்பில், ஐந்தாறு கட்டளைகளிலேயே பிழை வெளிப்பட்டது! ஒரே நேரத்தில் நிகழ்ந்த இரு வேலைகள் மோதிக்கொண்டதே காரணம். காரணம் தெரிந்தபின் திருத்தம் ஒரு நாளில் முடிந்தது. அந்நிகழ்வே 2011-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. வகுப்பறையில் அமர்ந்து இத்தகைய சிக்கலைக் கற்பனை செய்வது அரிது. கடைத்தெருவே அதனை ஆய்வாளரிடம் கொண்டுசேர்த்தது.

சித்தூருக்கு அண்மையிலுள்ள பெங்களூருவிலும் ஜஸ்பே நிறுவனம் பணம் செலுத்தும் மென்பொருளை ஹாஸ்கல் மொழியில் எழுதிவருகிறது.

ஆயினும் எழுதப்படாத விதியை எக்கருவியும் சோதிக்காது. வணிகர் தவறான எண்ணுக்குப் பணம் அனுப்பினாலும் கூட்டுத்தொகை விதி சற்றும் பிசகாது. பணம் செல்லுமுன் பெறுபவரின் பெயரைத் திரை காட்டுவது அதன்பொருட்டே.