கூந்தல் நீட்டிப்பு: சவுரி முதல் ஹேர் எக்ஸ்டென்ஷன் வரை

ஒருவரது சொந்த முடியோடு வேறு முடியை இணைத்து, அதன் நீளத்தையோ அடர்த்தியையோ கூட்டிக் காட்டுவது கூந்தல் நீட்டிப்பு எனப்படும். சென்னையில் தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகளின் அழகு நிலையங்களில் இது ஹேர் எக்ஸ்டென்ஷன் என்ற பெயரிலேயே வழங்குகிறது. பெயர்தான் புதிது. இதே ஊரில் நம் பாட்டிமார்கள் சவுரி வைத்துப் பின்னிக்கொண்டார்கள். இரண்டுக்கும் உள்ள உறவையும் வேறுபாட்டையும் தெரிந்துகொண்டால், அழகு நிலையத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

சவுரி

சவரி என்றும் சவுரி என்றும் இச்சொல் வழங்குகிறது. கவரிமா என்ற பொருளும், அதன் வால்மயிரால் கட்டிய சாமரம் என்ற பொருளும் இதற்கு உண்டு. வழக்கமான சவுரி மூன்று புரிகளாகப் பிரிந்து, மேல்முனையில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். சொந்தப் பின்னலின் மூன்று கால்களோடு மூன்று புரிகளையும் சேர்த்துப் பின்னி, நுனியில் குஞ்சலம் கட்டுவார்கள். சீப்பில் வரும் உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சேர்த்து வைத்து, போதிய அளவு சேர்ந்ததும் அதையே சவுரியாகக் கட்டித் தரச் சொல்லும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. நிறம் பொருந்துமா என்ற கவலைக்கே அங்கு இடமில்லை.

இன்று சவுரி அதிகம் பயன்படுவது பரதநாட்டிய மேடையிலும் திருமணங்களிலும்தான். 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்ரா தொடங்கப்பட்ட காலம் முதல், தென்சென்னையில் நாட்டியம் பயிலும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. குட்டை முடி வைத்திருக்கும் மாணவிக்கும் அரங்கேற்றத்தன்று இடுப்பளவு பின்னல் வேண்டும். மயிலாப்பூர் மாடவீதிகளின் நாட்டிய அலங்காரக் கடைகளிலும், பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு ஃபேன்சி கடைகளிலும் நைலான் சவுரியும் அசல் முடிச் சவுரியும் கிடைக்கின்றன. ஒரு மாலை நிகழ்ச்சிக்கோ முகூர்த்தத்துக்கோ இதுவே போதும். அதற்காக மாதக்கணக்கில் தலையில் நிற்கும் நீட்டிப்பைப் பரிந்துரைக்கும் நிலையத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

சவுரி கனமானதுதான். ஆனால் இரவில் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். நவீன நீட்டிப்பு உறங்கும்போதும் குளிக்கும்போதும் தலையிலேயே இருக்கிறது. முழுத் தலைக்குப் பொதுவாக 100 முதல் 200 கிராம் வரை முடி தேவைப்படும். இது ஏறத்தாழ ஒரு கைப்பேசியின் எடை. அந்த எடையை எத்தனை சொந்த முடிகள், எத்தனை வாரங்கள் சுமக்கின்றன என்பதே இதில் முதன்மையான கேள்வி. நீட்டிப்பு முடி வளராது. அது சொந்த முடியின் மேல் தொங்கும் சுமை மட்டுமே.

முதல் சந்திப்பு

நல்ல நிலையத்தில் முதல் நாளே முடியைப் பொருத்திவிட மாட்டார்கள். முதலில் தலையைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். முடி எவ்வளவு காலமாகக் கொட்டுகிறது, அண்மையில் குழந்தை பிறந்ததா, டெங்கு, டைஃபாய்டு போன்ற காய்ச்சல் வந்ததா, தைராய்டுக்கு மாத்திரை உண்டா, உச்சந்தலையில் புண்ணோ செதிலோ இருக்கிறதா, வாரம் எத்தனை முறை எண்ணெய் வைப்பீர்கள் என்றெல்லாம் கேட்பது வம்பு அல்ல.

ஏனெனில், நீட்டிப்பை நாடுவோரில் பலர் முடி மெலிந்த கவலையோடு வருபவர்கள். பிரசவத்துக்குப் பின் 2 முதல் 4 மாதங்களில் முடி கொத்தாகக் கொட்டுவது இயல்பானது. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அது சீராகிவிடும். கடும் காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வும் இத்தகையதே. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றாலும் முடி மெலியும். கொட்டிக்கொண்டிருக்கும் முடியில் சுமையைக் கட்டினால் உதிர்வு கூடுவதுடன், உண்மையான காரணம் மறைந்து சிகிச்சையும் தள்ளிப்போகும். இந்நிலையில் அழகு நிலையத்துக்கு முன் தோல் மருத்துவரிடம் செல்வதே முறை. அரசு பொது மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவிலும் இதைக் காட்டலாம்.

சொந்த முடி சுமார் 10 செ.மீ. நீளமாவது இல்லாவிட்டால் இணைப்புகளை மறைக்க முடியாது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் முளைக்கும் முடி குட்டையாகவும் மென்மையாகவும் இருப்பதால் நீட்டிப்பைத் தாங்காது. அவர்களுக்கு விக் பொருத்தமானது.

பசை பயன்படுத்தும் முறையானால், காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை தேவை. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். நம் முடி கருப்பு என்று சொல்லிவிடுகிறோம், வெயிலில் பலருக்கு அது பழுப்பு. மருதாணி இட்டவர்களுக்கு இன்னொரு சாயல். வேர்ப்பகுதியை விட நுனியின் நிறத்தோடு ஒப்பிடுவதே சரி, ஏனெனில் கலக்க வேண்டிய இடம் அதுதான்.

இணைக்கும் முறைகள்

கிளிப் முறை சவுரிக்கு மிக நெருங்கியது. பட்டையாகத் தைத்த முடியில் சிறு கிளிப்புகள் இருக்கும். வீட்டிலேயே மாட்டலாம், இரவில் கழற்றலாம். முதன்முறை முயல்பவருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

டேப் முறையில், சொந்த முடியின் மெல்லிய அடுக்கு ஒன்றை மேலும் கீழுமாக இரண்டு ஒட்டுப்பட்டைகள் கவ்வும். பொருத்த ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் ஆகும். 6 முதல் 8 வாரங்களில் கழற்றி மேலேற்ற வேண்டும். எண்ணெயும் வியர்வையும் இதன் எதிரிகள்.

கெரட்டின் முறையில், நுனியில் கெரட்டின் பசை கொண்ட சிறு கற்றைகளைச் சூடான கருவியால் உருக்கிச் சொந்த முடியோடு ஒட்டுகிறார்கள். முழுத் தலைக்கு 100க்கு மேற்பட்ட கற்றைகள் ஆகலாம், அரை நாள் போய்விடும். 3 முதல் 4 மாதங்கள் நிற்கும். மைக்ரோ ரிங் முறையில் பசையோ சூடோ இல்லை. சிறிய உலோக வளையத்தை இடுக்கியால் நசுக்கி இறுக்குவார்கள். மெல்லிய முடி உள்ளவர்களுக்கு வளையம் வெளியே தெரியும். தலையை ஒட்டிப் பின்னி அதன்மேல் முடிப்பட்டையைத் தைக்கும் முறை ஆப்பிரிக்கச் சுருள்முடிக்கு ஏற்றது. வழவழப்பான நேர்முடியில் அந்தப் பின்னல் நழுவும்.

முடி எங்கிருந்து வருகிறது

உலகெங்கும் விற்கும் உயர்தர நீட்டிப்பு முடியில் கணிசமான பகுதி நம் கோயில்களிலிருந்து செல்வது. திருமலை, திருத்தணி, பழனி, சமயபுரம் எனக் காணிக்கையாக இறக்கப்படும் முடியைக் கோயில் நிர்வாகங்கள் ஏலம் விடுகின்றன. வாங்குவோர் அதை நீளவாரியாகப் பிரித்து, ஆணிச்சீப்பில் சீவி, கழுவிப் பதப்படுத்துகிறார்கள். இத்தொழிலின் முக்கிய மையங்களுள் சென்னையும் ஒன்று. 2009இல் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக் எடுத்த ‘குட் ஹேர்’ என்ற ஆவணப்படம் இந்த முடியைத் தேடி இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 2004 மே மாதத்தில், திருப்பதி முடி வேற்று மத வழிபாட்டில் படைக்கப்பட்டது என்ற காரணத்தால் அதில் செய்த விக்குகளை அணியக் கூடாது என்று யூத மதகுரு யோசெப் ஷாலோம் எலியாஷிவ் தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் பெண்கள் தங்கள் விக்குகளைத் தெருவில் எரித்தனர். முடி இறக்கியவருக்கு இந்த வணிகத்தில் பணம் எதுவும் இல்லை. அவர் கொடுத்தது தெய்வத்துக்கு. வருவாய் கோயிலைச் சேர்கிறது. இதை நியாயம் என்பாரும் உண்டு, கேள்வி கேட்பாரும் உண்டு.

இன்னொரு வகை சிக்கு முடி. தெருவில் வரும் வியாபாரிகள் சீப்பில் உதிர்ந்த முடியைப் பாத்திரத்துக்கோ காசுக்கோ வாங்கிச் செல்வதைப் பார்த்திருப்போம். அந்த முடி உருண்டைகளையும் பிரித்து, கழுவி, நீட்டி விற்கிறார்கள். பதப்படுத்தாத முடியின் ஏற்றுமதியை 2022 ஜனவரியில் இந்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

வாடிக்கையாளருக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? முடியின் மேற்பரப்பில் மீன் செதில்போல் நுண்ணிய அடுக்குகள் வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். கொத்தாக மழித்த முடியில் எல்லா வேர்களும் ஒரே பக்கம் இருக்கும்படி காக்கலாம். இதையே ரெமி முடி என்கிறார்கள். சிக்கு முடியில் வேரும் நுனியும் கலந்துவிடுவதால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்காகும். அதைத் தவிர்க்க அமிலத்தில் செதில்களை அகற்றி, மேலே சிலிக்கோன் பூசுவதுண்டு. கடையில் பட்டுப்போல் இருக்கும் அம்முடி, சில முறை அலசியதும் சிலிக்கோன் போய் வைக்கோலாகிவிடும். ஆகவே பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. ஒரு கற்றையை நனைத்து, விரலால் மேலும் கீழும் தடவிப் பார்க்கலாம். ரெமி முடி ஒரு திசையில் வழுக்கும், மறுதிசையில் சற்றுச் சொரசொரக்கும். ஒரே ஓர் இழையைக் கொளுத்தினால் அசல் முடி தீய்ந்த நாற்றத்தோடு சாம்பலாகும், செயற்கை இழை உருகி மணியாகத் திரளும்.

விலையைப் பேசும்போது, சொல்லப்படும் தொகை எத்தனை கிராமுக்கு அல்லது எத்தனை கற்றைக்கு, கூலி அதில் அடங்குமா, மேலேற்றுவதற்கும் கழற்றுவதற்கும் தனிக் கட்டணமா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது. பிந்திய செலவுகள்தான் பலருக்கு எதிர்பாராதவை.

பொருத்தும் நாளும் அடுத்த சில நாட்களும்

அன்று எண்ணெய்ப் பசை போக ஷாம்பு போட்டு, கண்டிஷனர் இல்லாமல் முழுவதும் உலர்த்துவார்கள். நெற்றியோரம், காதோரம், உச்சி வகிடு ஆகிய இடங்களை விட்டுவிட்டுப் பின்தலையிலிருந்து வரிசையாக மேலேறுவார்கள். இணைத்து முடித்ததும் சொந்த முடியும் புது முடியும் கலக்கும்படி வெட்டிச் சீராக்குவது தனித்திறன். சரியாக வெட்டாத நீட்டிப்பில் இரண்டு நீளங்கள் தனித்தனியே தெரியும். முதல் 48 மணி நேரம் தலைக்குக் குளிக்கக் கூடாது.

முதல் ஓரிரு இரவுகள் தலை சற்று இறுக்கமாக இருக்கும். வலி அப்படியல்ல. இணைப்பைச் சுற்றிச் சிறு கொப்புளம், சிவப்பு, தலையணையில் தலை வைக்க முடியாத வலி ஆகியவை இருந்தால், பழகிவிடும் என்ற பதிலை ஏற்காமல் திரும்பிச் சென்று தளர்த்தச் சொல்ல வேண்டும். தொடர்ந்து இழுபடும் மயிர்க்கால் வலுவிழப்பது இழுவை முடியுதிர்வு எனப்படும். தொடக்கத்தில் கண்டு சுமையை நீக்கினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மயிர்க்கால் தழும்பாகி, அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். நெற்றிப் பொட்டின் ஓரம் ஏறுவது இதன் முதல் அடையாளம்.

சென்னையில் பராமரிப்பு

வெளிநாட்டுப் பராமரிப்புக் குறிப்புகள் நம் ஊருக்கு அப்படியே பொருந்துவதில்லை. இங்கே ஈரக்காற்று, வியர்வை, போர்வெல் தண்ணீர், போதாதற்குத் தேங்காய் எண்ணெய். கடலோரப் பகுதிகளில் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த நிலத்தடி நீர் முடியில் படிந்து அதை வறட்டும். தேய்த்துக் குளிப்பது எந்த நீரானாலும், கடைசி அலசலுக்கு மெட்ரோ வாட்டரோ வடிகட்டிய நீரோ ஒரு குடம் ஒதுக்குவது பலன் தரும். எண்ணெயை இணைப்புக்குக் கீழே நீளத்தில் மட்டும் தடவலாம். வேரில் வைத்தால் டேப் கழன்றுவிடும். தீபாவளி எண்ணெய்க் குளியலை விட மனமில்லாதவர்கள் அதைக் கழித்தே டேப் வைத்துக்கொள்ளலாம், அல்லது கிளிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். அரப்பு, சீயக்காய்த் தூள்கள் இணைப்புகளுக்கிடையே தங்கி எளிதில் போகா.

பூவும் ஒரு சுமைதான். முழ முழமாக மல்லிகையைச் சூடும்போது கொண்டை ஊசியை இணைப்பில் குத்தாமல் பின்னலில் குத்த வேண்டும். ஈரத்தோடு படுக்கக் கூடாது, தளர்வாகப் பின்னிக்கொண்டு உறங்க வேண்டும். சீவும்போது ஒரு கையால் வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே வர வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் அலையில் நனைந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

கழற்றுதல்

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. இரண்டு மாதத்தில் இணைப்பு அந்த அளவுக்குக் கீழிறங்கி, அங்கும் இங்கும் சுழன்று அருகிலுள்ள முடியோடு சிக்கும். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று தள்ளிப்போடும்போதுதான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. வீட்டில் பிய்த்து எடுக்கக் கூடாது. டேப்புக்கும் கெரட்டினுக்கும் தனித்தனிக் கரைப்பான்கள் உண்டு. பசை இளகியதும் இணைப்பு வழுக்கி வர வேண்டும்.

கழற்றும்போது கைநிறைய முடி வருவதைக் கண்டு பலர் அழுதுவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எவருக்கும் இயல்பு. இணைப்புக்குள் அகப்பட்டவை கீழே விழ வழியின்றி அங்கேயே தங்கியிருக்கும். இரண்டு மாத உதிர்வின் ஒரு பகுதி ஒரே நாளில் வெளியே வருகிறது, அவ்வளவே. அந்த முடிகளின் ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அவை தாமாக உதிர்ந்தவை. குமிழின்றி நடுவில் அறுந்து, பல நீளங்களில் வந்தால் முடி உடைந்திருக்கிறது என்று பொருள். அப்போது மறுபடி பொருத்தாமல், புதுமுடி வளரும் வரை சில மாதங்கள் தலையைச் சும்மா விட வேண்டும். கழற்றிய ரெமி முடி நல்ல நிலையில் இருந்தால் புது டேப் ஒட்டி மீண்டும் பயன்படுத்தலாம். அது வாடிக்கையாளர் விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பதால், நிலையத்திலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.